கோபுரத்தில் அரசு முளைக்கும், பலா முளைக்காது: விதை, வம்சம், இடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரம் நடும் குழுக்கள், நாற்றங்கால் வைத்திருப்பவர்கள், பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம் நடத்தும் ஆசிரியர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. "இந்த மரம் இங்கே வருமா?" என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. மண்ணையும் மழையையும் பார்த்துப் பதில் சொல்வது நம் வழக்கம். அது பாதிப் பதில்தான். மீதி அந்த மரத்தின் விதையிலும், அதன் முன்னோர்கள் எந்த மாதிரி நிலத்தில் வாழ்ந்தார்கள் என்பதிலும் இருக்கிறது.

கோயில் கோபுரத்தில் அரசும் ஆலும் முளைக்கின்றன. பலா ஏன் முளைப்பதில்லை?

பலாக்கொட்டையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பறவை கோபுரம் ஏறும் என்று சிரிக்க வேண்டாம். கேள்வி நல்ல கேள்வி. ஏனென்றால் அரசு, ஆல், அத்தி, பலா எல்லாமே ஒரே தாவரக் குடும்பம். பாலைப் பார்த்தாலே சொந்தம் தெரியும்.

பழுத்த அரசம்பழம் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய விதைகள் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். மைனாவும் குயிலும் குக்குறுவானும் அதை முழுசாக விழுங்கிவிட்டு, சுதைச் சிற்பத்தின் தோளில் வந்து உட்கார்ந்து எச்சமிடுகின்றன. காரை விரிசலில் படிந்த தூசி, கொஞ்சம் எச்சம், ஒரு நல்ல மழை. அவ்வளவு போதும். முளைத்த கையோடு வேர் விரிசலுக்குள் ஈரம் தேடிப் போய்விடும். பிறகு கிளையை வெட்டி ஒன்றும் ஆகாது என்பது கோயில் திருப்பணி செய்கிறவர்களுக்குத் தெரியும்.

கோபுரம் இந்த மரங்களுக்குப் புதிய இடமே அல்ல. காட்டில் ஆலும் அரசும் வேறொரு மரத்தின் கவட்டையில் முளைத்து, மேலிருந்து கீழே வேர் விடுகிற வகை. கையிருப்பில்லாத அவ்வளவு சின்ன விதை இருண்ட காட்டுத் தரையில் விழுந்தால் பிழைக்காது. வெளிச்சம் இருக்கிற உயரத்தில் விழுந்தால் பிழைக்கும். நம் கோபுரம் அதற்கு இன்னொரு கவட்டை.

பலாவின் கதை வேறு. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டு மரம். சில கிராம் எடையுள்ள கொட்டை, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பிய மாதிரி, நிழலில் பல வாரம் தாங்கும் அளவுக்கு மாவுச்சத்தோடு கீழே விழுகிறது. யானை, கரடி, குரங்கு என்று யாராவது பழத்தைத் தின்று கொட்டையைக் கொஞ்ச தூரம் தள்ளிப் போட வேண்டும். நீங்களே ஏறி ஒரு பலாக்கொட்டையைக் கோபுர விரிசலில் வைத்தாலும் பயனில்லை. இரண்டு மூன்று நாள் வெயிலில் அது காய்ந்து செத்துவிடும். ஏன் என்பது மூன்றாவது கேள்வியில்.

அப்படியானால் விதை சின்னதாக இருப்பதுதான் புத்திசாலித்தனமா?

எங்கே என்பதைப் பொறுத்தது. ஒரு செடியிடம் இருக்கிற சத்து ஒரே அளவு. அதை லட்சம் தூளாகவும் பிரிக்கலாம், பத்துக் கொட்டையாகவும் திரட்டலாம். ஆர்க்கிட் செடிகள் முதல் வழியின் எல்லைக்கே போனவை. ஒரு காயில் லட்சக்கணக்கில் விதை. பார்த்தால் முகப்பவுடர் மாதிரி இருக்கும். காற்று எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும். ஆனால் உள்ளே உணவே கிடையாது. விழுந்த இடத்தில் அதற்கு ஏற்ற பூஞ்சை இருந்து ஊட்டினால்தான் முளை. அதனால்தான் ஆர்க்கிட் விதை எல்லா இடத்துக்கும் போகிறது, செடியோ சில மரப்பட்டைகளில் மட்டும் தெரிகிறது.

மறு எல்லையில் செஷல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய். ஒரே விதை 15 கிலோவுக்கும் மேல் போகும். அது பிராலின், கியூரியூஸ் என்ற இரண்டு தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. உயிருள்ள கொட்டை கடலில் விழுந்தால் மூழ்கிவிடும். உள்ளே அழுகிக் காலியானதுதான் மிதக்கும். அப்படி மிதந்து மாலத்தீவுக் கரையில் ஒதுங்கிய ஓடுகளைப் பார்த்துத்தான் பழைய காலத்தில் இது கடலுக்கடியில் வளரும் மரம் என்று நம்பினார்கள்.

பொதுவாக, நிழல் அடர்ந்த காட்டில் பெரிய விதைக்கு மதிப்பு. திறந்த, அடிக்கடி கலைந்துபோகிற நிலத்தில் சின்ன விதைக்கு மதிப்பு. உலக அளவில் கணக்கிட்டவர்கள் கண்டது: நிலநடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி அட்சரேகைக்குப் போவதற்குள் விதையின் சராசரி எடை சுமார் 320 மடங்கு குறைகிறது. வெப்பமண்டலத்தின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் மட்டும் ஏழு மடங்கு சரிவு. அந்தச் சரிவுக்கு வெப்பநிலையைவிட நெருக்கமான காரணம், அங்கே செடிகளின் வகையே மாறுகிறது என்பதுதான். மரமும் கொடியும் குறைந்து புல்லும் பூண்டும் கூடுகின்றன. எந்த வம்சம் எங்கே கூடுதலாக இருக்கிறதோ, அதன் விதை அளவுதான் அந்த ஊரின் விதை அளவாகத் தெரிகிறது.

விதைப்பந்து ஆயிரக்கணக்கில் வீசினோம். ஏன் ஒன்றும் வரவில்லை?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பதிலும் நீளம்.

விதைகளில் அடிப்படையாக இரண்டு சாதி. காய வைத்தால் உயிரோடு இருப்பவை ஒன்று, காய வைத்தால் சாகிறவை இன்னொன்று. நெல், கம்பு, துவரை, வேல், புளி எல்லாம் முதல் வகை. உள்ளிருக்கும் ஈரம் மிகக் குறைந்தாலும் உயிர் அடங்கி இருக்கும், நனைந்தால் எழும். இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த, ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டை 2005-இல் முளைத்தது. பலா, மா, நாவல், ரப்பர், தேயிலை, ஜாதிக்காய், மலைக்காட்டுக் குங்கிலிய மரங்கள் இரண்டாம் வகை. இவை தாய்மரத்திலிருந்து விழும்போதே ஈரத்தோடு, முளைக்கத் தயாராக விழுகின்றன. காய விட்டால் போச்சு. உலகச் செடிகளில் சுமார் 8 சதவீதம்தான் இப்படி என்று மதிப்பிடுகிறார்கள். வெப்பமண்டல ஈரக்காடுகளில் மட்டும் பார்த்தால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

பலாக்கொட்டையைக் குழம்புக்காகச் செம்மண்ணில் புரட்டி வைக்கிற வீடுகளில் இது தெரிந்த விஷயம். ஈரம் இருந்தால் பானைக்குள்ளேயே முளை விடும், காய்ந்தால் குழம்புக்கு மட்டும் ஆகும்.

இப்போது விதைப்பந்துக்கு வாருங்கள். களிமண்ணும் சாணமும் பிசைந்து, உருட்டி, நிழலில் உலர்த்தி, மூட்டை கட்டி, விழா நாள் வரை வைத்திருக்கிறோம். நாவலும் மாவும் அதற்குள் இருந்தால் வீசுவதற்கு முன்பே செத்திருக்கும். வேம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரு சங்கடமான ஆள். பழம் விழுந்து சதை நீக்கிய சில வாரங்களுக்குள் விதைத்தால் நன்றாக வரும், சாக்கில் கட்டிப் பல மாதம் கழித்து எடுத்தால் ஏமாற்றும். வேப்பம்பழம் ஆடி வாக்கில் உதிர்கிறது. விழா காந்தி ஜெயந்திக்கு நடக்கிறது. விதைப்பந்து முகாம் நடத்துபவர்கள் நாள்காட்டியை மரத்திடம் கேட்டு வாங்குவது நல்லது.

வேல், சரக்கொன்றை, வாகை போன்றவற்றில் வேறு சிக்கல். விதை உயிரோடுதான் இருக்கும். மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. நாற்றங்கால்காரர்கள் கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு இரவெல்லாம் வைத்துவிட்டுத்தான் விதைப்பார்கள். கருவேல விதையை ஆட்டுப்பட்டியில் பொறுக்குகிற பழக்கமும் இதற்காகத்தான். ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்த விதை சீக்கிரம் முளைக்கும். தேக்கங்கொட்டையைத் திரும்பத் திரும்ப ஊற வைத்துக் காய வைக்கச் சொல்வதும் இதே ரகம். இந்த நேர்த்தி எதுவும் இல்லாமல் பந்தில் வைத்த விதை இந்த மழைக்கு வராமல் அடுத்த மழைக்கோ அதற்கடுத்ததற்கோ வரலாம். படம் பிடிக்கப் போனவர்களுக்குத்தான் அது தோல்வி.

விதைத் தோல் ஏன் சில மரங்களில் மட்டும் அவ்வளவு கெட்டி?

தண்ணீர் புகாத விதைத்தோல் பூக்கும் தாவரங்களின் நானூற்றுச் சொச்சம் குடும்பங்களில் சுமார் 18 குடும்பங்களில்தான் இருக்கிறது. அவரைக் குடும்பம், பருத்திக் குடும்பம் போன்றவை அதில் முக்கியமானவை. மீதிக் குடும்பங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதே வறண்ட நிலத்தில் வாழ்ந்தும் இந்த உத்தியைக் கண்டுபிடிக்கவில்லை. தேவை இருக்கிறது என்பதற்காக எந்தச் செடிக்கும் எதுவும் கிடைத்துவிடுவதில்லை. முன்னோரிடம் அதற்கான அடித்தளம் இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கெட்டித்தோல் எங்கே பயன்படும்? மழை நம்பமுடியாத ஊரில். ஒரே மரத்தின் விதைகளில் சில இந்த ஆண்டு முளைக்கும், சில காத்திருக்கும். ஒரு மழை பொய்த்தாலும் குடும்பம் அழியாது. ஆண்டு முழுக்க ஈரமாக இருக்கும் காட்டில் காத்திருப்பதற்குக் காரணம் குறைவு. மண்ணில் கிடக்கிற விதையைப் பூஞ்சையும் எலியும் தின்றுவிடும், அதனால் உடனே முளைப்பதே லாபம்.

எவ்வளவு காலம் காத்திருக்க முடியும் என்று பார்க்க, அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்பவர் 1879-இல் விதைகளை 20 புட்டிகளில் அடைத்துப் புதைத்தார். 2021-இல் ஒரு புட்டியை எடுத்தார்கள். அப்போதும் ஒரு களைச்செடியின் விதைகள் முளைத்தன.

இந்தியா தனியாக மிதந்து வந்த கண்டம் என்கிறார்கள். நம் காட்டு மரங்களில் அதன் தடம் உண்டா?

உண்டு, அழகான தடம். குங்கிலிய மரக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட இந்தியாவின் சால மரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியம், இலங்கை சிங்கராஜக் காட்டின் உயர்ந்த மரங்கள், போர்னியோவின் 250-க்கும் மேற்பட்ட இனங்கள் எல்லாம் இந்தக் குடும்பம். பலவற்றின் காய்க்கு இறக்கை உண்டு. ஒன்றை உயரத்திலிருந்து விட்டால் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு இறங்கும். பார்ப்பதற்குத்தான் இறக்கை, காய் கனம். பெரும்பாலும் தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள் விழுந்துவிடும். காய்ந்தால் விதை சாகும். கடல்நீரில் பிழைக்காது. இப்படிப்பட்ட விதையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எப்படி ஆசியா முழுக்கப் பரவியது?

நிலமே நகர்ந்தது என்பதுதான் இன்று வலுவான பதில். இந்தியா மடகாஸ்கரிலிருந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது. ஆசியாவோடு மோதியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன். குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் ஐந்து கோடி ஆண்டுப் பழமையான அம்பர், அதாவது கல்லாய் இறுகிய மரப்பிசின், இந்தக் குடும்பத்தின் பிசின்தான் என்று அதன் வேதியியல் காட்டியிருக்கிறது. போர்னியோ அந்த மரங்களால் நிறைவதற்கு முன்பே இவை இந்தியாவில் இருந்தன. நிலம் ஒட்டிக்கொண்டதும் கிழக்கே நடந்துபோயின.

பிறகு இந்தியா வறண்டது. உடனே முளைத்தாக வேண்டிய விதைக்கு நீண்ட கோடை எமன். அதனால் தெற்கே, கோடை இரண்டு மூன்று மாதத்தோடு முடிகிற மலைப்பகுதியிலும் இலங்கையின் ஈர மண்டலத்திலும் இவை ஒதுங்கின. சால மரம் மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தது. அதன் விதையும் ஓரிரு வாரத்தில் சாகிற விதைதான். ஆனால் அது சரியாக ஜூன் மாதம், பருவமழை இறங்குகிற நேரத்தில் உதிர்கிறது. விதையை மாற்ற முடியாதபோது நாளை மாற்றிக்கொண்டது.

அப்படியென்றால் கடல் தாண்டிய சொந்தம் எல்லாம் கண்டம் பிரிந்ததால்தானா?

இல்லை. இப்படி ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்குகிற ஆசைதான் இந்தத் துறையின் பழைய வியாதி.

மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் நிற்கும் பெருக்க மரத்தைப் பாருங்கள். நம் பக்கம் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் பொந்தன்புளி என்பார்கள். பூமியில் அதில் எட்டு இனம். ஆறு மடகாஸ்கரில், ஒன்று ஆப்பிரிக்காவில், ஒன்று ஆஸ்திரேலியாவில். மூன்று நிலமும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தவை என்பதால் கண்டப் பிரிவுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை என்று தோன்றும். மரபணுக் கணக்கு அதை மறுக்கிறது. இந்த இனங்கள் பிரிந்த காலம், கண்டங்கள் பிரிந்து பல கோடி ஆண்டுகளுக்குப் பின். மடகாஸ்கரிலிருந்து கிளம்பி, கடல் வழியாகத்தான் மற்ற இரண்டு இடத்துக்கும் போயிருக்க வேண்டும். ஓடு கெட்டியான காய் மிதக்கக்கூடியது, உள்ளே இருக்கும் விதையும் கெட்டித்தோல். பருத்திக் குடும்பம் அல்லவா, மேலே சொன்ன பட்டியலில் இருக்கிறது. மன்னாருக்கு மட்டும் அது அரபு வணிகர்களோடு வந்ததாகச் சொல்வார்கள்.

ஆகவே வரைபடத்தில் இரண்டு புள்ளி ஒரே மாதிரி இருந்தால் முதலில் விதையைப் பாருங்கள். குங்கிலிய விதையால் முடியாதது பெருக்க மர விதையால் முடியும்.

உப்புத்தண்ணீரில் விதை எவ்வளவு நாள் பிழைக்கும்?

சார்லஸ் டார்வின் இதைச் செய்தே பார்த்தார். 87 வகை விதைகளை உப்புநீரில் போட்டார். 28 நாள் கழித்து 64 வகை முளைத்தன. சில 137 நாள் தாக்குப்பிடித்தன. சிக்கல் பிழைப்பதில் இல்லை, மிதப்பதில் இருந்தது. பச்சையான விதைகள் பெரும்பாலும் மூழ்கின. காய்ந்த கிளையோடு, காயோடு போட்டபோது பல வெகுநாள் மிதந்தன.

தென்னை இதற்கென்றே ஆன மரம், விளக்கவே வேண்டாம். பிச்சாவரத்தின் சுரபுன்னை இன்னொரு வழியில் போகிறது. அதன் விதை உறங்குவதே இல்லை. பழம் மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீண்ட பச்சை முளையாகத் தொங்கும். விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், அல்லது அலையோடு போய் வேறொரு கழிமுகத்தில் வேர் பிடிக்கும். உப்புச்சேற்றில் முளைவிடுவதுதான் ஒரு விதைக்கு மிகக் கடினமான கட்டம். அந்தக் கட்டத்தைத் தாயின் மடியிலேயே முடித்துக்கொள்கிறது. பக்கத்திலேயே நிற்கும் தில்லை மரம், சிதம்பரத்தின் தலமரம், வேறு குடும்பம். அதற்கு இந்த வித்தை கிடையாது, சாதாரணமாகத்தான் முளைக்கிறது. அலையாத்திக் காடு என்பது ஒரே வம்சமல்ல. வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியாக உப்புக்குள் இறங்கிய இடம் அது.

நீலகிரியில் சோலையும் புல்வெளியும் கோடு போட்ட மாதிரிப் பிரிந்திருக்கின்றன. சோலை ஏன் புல்வெளிக்குள் வருவதில்லை?

சோலை மரங்கள் பெரும்பாலும் நாவல், இலவங்கம் முதலான குடும்பங்களைச் சேர்ந்தவை. வெப்பமண்டல வம்சம். இவற்றின் சதைப்பழங்களைப் பறவைகள் தின்கின்றன, உட்கார்ந்த இடத்தில் விதையைப் போடுகின்றன. புல்வெளியில் உட்கார மரம் இல்லை, ஆகவே விதை வருவதே குறைவு. தப்பி வந்து முளைத்தாலும் மார்கழி, தை மாதத்து உறைபனி காத்திருக்கிறது. சோலைக்குள் கூரை மாதிரி இலைகள் மூடியிருப்பதால் தரை உறையாது. வெளியே ஒரே இரவில் புல் கருகிப்போகும். வெப்பமண்டல வம்சத்து நாற்றுக்கு அதைத் தாங்கும் உடம்பு இல்லை. தீ, மேய்ச்சல் என்று மற்ற காரணங்களும் உண்டு, எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் இருக்கிறது. ஆனால் இந்தப் புல்வெளி மனிதன் காடழித்து உண்டாக்கியது என்ற வாதம் நிற்காது. நீலகிரியின் கரிச்சேற்றுப் படிவங்களை ஆராய்ந்ததில் 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் இங்கே புல் இருந்திருக்கிறது.

அந்தப் புல்வெளியில் தனியாகச் சிவப்பாகப் பூத்து நிற்கும் ஒரே மரத்தைப் பார்த்திருப்பீர்கள், காட்டுப்பூவரசு. ரோடோடெண்ட்ரான் என்றால் சிலருக்குப் புரியும். அதன் நெருங்கிய சொந்தங்கள் பெரும்பாலும் இமயமலையில். குளிர்நாட்டு வம்சம், தூள் மாதிரி விதை, காற்றில் போகும், திறந்த இடத்தில் முளைக்கும். சோலை மரத்துக்கு எதெல்லாம் தடையோ அதெல்லாம் இதற்குத் தடையில்லை.

இதற்கு இன்னும் கடுமையான சாட்சி வாட்டில் மரம். உள்ளூரில் சீகை என்பார்கள். தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. உறைபனி விழும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் பிறந்த வம்சம், அவரைக் குடும்பம், கெட்டித்தோல் விதை, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடக்கும், தீ பட்டால் மொத்தமாக முளைக்கும். சோலை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தாண்டாத எல்லைக்கோட்டை வாட்டில் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் தாண்டிவிட்டது. மண்ணும் மழையும் பனியும் இருவருக்கும் ஒன்றுதான். வாட்டிலை வெட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அடுத்த ஆண்டு அதே இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். தரை தெரியாமல் நாற்று நிற்கும். ஒரு வேடிக்கை என்னவென்றால், பழைய வாட்டில் தோப்புகளின் அடியில் சோலை மர நாற்றுகள் தலைகாட்டுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். பறவைக்கு உட்கார இடமும் பனிக்கு மறைப்பும் கிடைத்துவிட்டதல்லவா.

பனை ஏன் ஊட்டியில் வளர்வதில்லை?

பனை, தென்னை, ஈச்சை, கமுகு என்று இந்தக் குடும்பத்தில் சுமார் 2,500 இனங்கள். மிகப் பெரும்பாலானவை வெப்பமண்டலத்தில்தான். ஒரே ஒரு குருத்து, நீர் நிறைந்த தண்டு, இலை உதிர்த்துத் தூங்கத் தெரியாத உடம்பு. குருத்து உறைந்தால் மரம் முடிந்தது. இந்த உடலமைப்பைக் குடும்பம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கைவிடவில்லை. அதனால் குடும்பம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துப் பழங்காலத் தட்பவெப்பத்தையே சொல்லலாம். லண்டனின் களிமண் படிவத்தில், இன்று சுந்தரவனத்திலும் அந்தமானிலும் இலங்கையிலும் உப்பங்கழியில் வளரும் நீப்பனையின் காய்கள் புதைபடிவமாகக் கிடைத்திருக்கின்றன. ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து அவ்வளவு சூடு.

குளிரில் தோற்ற பனை வறட்சியில் ஜெயித்தது விதையால். பனங்கொட்டையைப் புதைத்தால் முளை மேலே வருவதில்லை. ஒரு தண்டு கொட்டையிலிருந்து கீழே இறங்கி, குருத்தை ஓரடி ஆழத்துக்கும் கீழே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அங்கேதான் கிழங்கு திரள்கிறது. கொட்டையைப் பிளந்தால் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக இருப்பது, யாழ்ப்பாணத்தில் பூரான், இங்கே தவுண், சேமித்த உணவை உறிஞ்சிக் கீழே அனுப்புகிற உறுப்பு. மேலே தீ ஓடினாலும் ஆடு மேய்ந்தாலும் குருத்து பத்திரம். கிழங்குக்காகப் பனம்பாத்தியை மண் குவித்து மேடாகப் போடுவது இதனால்தான். இல்லாவிட்டால் தோண்டி மாளாது. செஷல்ஸின் இரட்டைத் தேங்காய் பனைக்கு நெருங்கிய சொந்தம், அதுவும் இப்படியே முளைக்கிறது. அங்கே அந்தத் தண்டு சில மீட்டர் தூரம்கூட ஊர்ந்துபோகும்.

பனைவிதை நடும் முகாம்களில் கேட்கிற இன்னொன்று: நட்டு ஆறு மாதமாகியும் ஏன் இலை வரவில்லை? வேலை நிலத்துக்குக் கீழே நடக்கிறது. தோண்டிப் பார்த்துக் கெடுக்க வேண்டாம்.

வம்சம்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது என்றால் சீமைக்கருவேலம் எப்படி இங்கே வந்து இவ்வளவு பரவியது?

புதிய ஊருக்கு வந்தது, புதிய நிலத்துக்கு அல்ல. அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட, உவர் நிலங்களில் உருவான மரத்துக்கு ராமநாதபுரம் அந்நியமில்லை. கடல் ஒன்றுதான் குறுக்கே இருந்தது, அதை மனிதன் 19-ஆம் நூற்றாண்டில் தீர்த்துவைத்தான். மீதியை விதை பார்த்துக்கொண்டது. நெற்று இனிப்பு, ஆடும் மாடும் விரும்பித் தின்னும், கெட்டித்தோல் விதை சேதமில்லாமல், எருவோடு சேர்ந்து, கண்மாய்க் கரையில் விழும்.

நம் வன்னி மரம் இதற்கு நெருங்கிய உறவு. அதே குடும்பம், அதே வறட்சி தாங்கும் குணம், ஆனால் அடாவடி கிடையாது. ஆகவே குடும்பத்தை வைத்து ஒரு மரத்தைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஒவ்வொன்றின் வளரும் வேகம், காய்க்கிற அளவு, இங்கே அதைத் தின்ன யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இச்சி மரத்தை அழகுக்காக அமெரிக்காவின் புளோரிடாவில் வெகுகாலம் வளர்த்தார்கள், தானாக ஒரு நாற்றும் வரவில்லை. அதன் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் சின்னஞ்சிறு குளவி பின்னால் வந்து சேர்ந்தது. அதன் பிறகு சுவரெல்லாம் இச்சி.

விதை பரப்பும் விலங்கு அழிந்தால் மரமும் அழியுமா?

உடனே அழியாது, சுருங்கும். இருவாச்சி மறைந்த காட்டில் பெரிய கொட்டை மரங்களின் விதை தாய்மரத்தடியிலேயே குவிந்து, அங்கேயே பெரும்பாலும் வீணாகும். மொரீஷியசில் டோடோ பறவை அழிந்ததால் ஒரு மரத்தின் விதை முளைப்பதே நின்றது என்ற கதையைப் பாடப்புத்தகங்களில்கூடப் பார்க்கலாம். 1977-இல் வந்த கருத்து அது. டோடோ போன பிறகு முளைத்த இளைய மரங்களும் இருப்பது பின்னர் தெரியவந்தது. கதை அழகாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பொது இடத்தில் விதைக்க வேண்டும். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் அந்த இடம் மரம் வேண்டுகிற இடமா என்று பாருங்கள். இயற்கையான புல்வெளியிலும் முள்காட்டிலும் மரவிதை வீசுவதைவிட வீசாமல் இருப்பது மேல். பிறகு பத்து மைல் சுற்றளவில் யாரும் நடாமல் தானாக நிற்கும் மரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கோயில்காடு இருந்தால் வேலை சுலபம். அவற்றின் விதையை, அது உதிர்கிற மாதத்திலேயே பொறுக்குங்கள். நாவல், வேம்பு, இலுப்பை மாதிரி ஈர விதைகளை அந்த வாரமே பையில் போட்டு நாற்றாக்குங்கள். வேல், கொன்றை, வாகையைச் சுடுநீரில் ஊறவைத்து, முதல் நல்ல மழைக்கு அடுத்த நாள் நேரடியாக விதைக்கலாம். பனையை ஆவணி, புரட்டாசியில் பழம் விழுந்ததும் கரையில் புதைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஆலையும் அரசையும் விதைக்கத் தேவையே இல்லை. பறவை உட்கார நான்கு மரம் வளர்ந்தால் அவை தாமாக வரும். வேண்டாத இடத்துக்கும் சேர்த்து.